பதினோரு மாதக் குழந்தை: காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போவதா, ஆயிரம் ரூபாயோடு வீட்டில் இருப்பதா?

கேள்வி: குடியாத்தம் தாய்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில் கணவர், மாமியார், பதினோரு மாதப் பெண் குழந்தை ஆகியோருடன் வசித்து வருகிறேன். திருமணத்துக்கு முன்பு பேரணாம்பட்டுப் பக்கமுள்ள ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். கர்ப்பமாக இருந்தபோது நின்றுவிட்டேன். இப்போது அதே பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், பழைய ஆட்களுக்கு முன்னுரிமை உண்டு என்றும் உடன் வேலை செய்த அக்கா ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாதச் சம்பளம் 12,500 ரூபாய். வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் பிடித்தது போக ஏறத்தாழ 10,900 ரூபாய் கைக்கு வரும். கம்பெனி வேன் காலை ஏழே முக்காலுக்கு எங்கள் ஊரில் ஏற்றிக்கொண்டு மாலை ஆறரைக்கு இறக்கிவிடும்.

கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மாதம் 15,000 ரூபாய் அளவுக்கு வரும். ஓட்டம் இல்லாத மாதங்களில் அதுவும் குறையும். மாமியார் பல ஆண்டுகள் பீடி சுற்றியவர். முழங்கால் வலியால் தரையில் உட்கார்ந்து எழுவதே அவருக்குச் சிரமமாக இருக்கும்போது, தவழ்ந்தோடும் குழந்தையின் பின்னால் நாள் முழுவதும் அவரை நடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடியாத்தம் நகரத்தில் தனியார் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருக்கிறது. மாதம் 3,500 ரூபாய் கேட்கிறார்கள்; மாலை ஐந்தரைக்குள் குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. நான் வேனிலிருந்து இறங்குவதே ஆறரைக்கு.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வேறு. மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். இத்தனையும் இருக்கும்போது கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டும் என்பதால் அந்த ஆயிரமும் நின்றுவிடும் என்ற கவலையும் அவர்களுக்கு உண்டு. குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான் என்ற விதிப்படி அந்தத் தொகை மாமியாரின் கணக்குக்கு வருகிறது.

குழந்தையைப் பிரிந்திருக்க எனக்கும் விருப்பமில்லை. அதே வேளையில், கையில் சொந்தமாக ஒரு வருமானம் இல்லாமல் ஒவ்வொரு செலவுக்கும் கேட்டு நிற்பது எவ்வளவு சோர்வைத் தருகிறது என்பதை இந்த ஓராண்டில் உணர்ந்திருக்கிறேன். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1: அணைக்கட்டு அம்மா

சகோதரி, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: முடிந்தால் குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை வீட்டிலேயே இருங்கள். இரண்டு பிள்ளைகளையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டில் பணம் குறைவாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பசுப்பால் வாங்கக் கணக்குப் பார்த்த மாதங்கள் உண்டு. ஆயினும் குழந்தை நடை பழகுவதும் பேசத் தொடங்குவதும் என் கண்முன்னே நிகழ்ந்தன. அதற்கு ஈடாக எதையும் என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. தாய்ப்பாலை மற்ற உணவுகளோடு சேர்த்து இரண்டு வயது வரை தொடரலாம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். காலை ஏழே முக்காலுக்கு வேன் ஏறும் தாய்க்கு அது பெருமளவு கைவிட்டுப் போகும்.

வீட்டில் இருப்பவள் சும்மா இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள் என்று தெரியவந்தது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு கணக்கிடப்பட வேண்டும் என்பதை வலியுறுத்தியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்த மனைவியின் பங்களிப்பும் இருக்கிறது என்று கூறி அவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றங்களே மதிக்கும் உழைப்பை நம் வீடுகளில் மதிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஆயிரம் ரூபாய் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தையை வளர்க்கும் தாய்க்கு முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமாவது அரசு இதைவிடக் கூடுதலான தொகையைத் தர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பதில் 2: ஆம்பூர் தையல் பிரிவு

தங்கைக்கு வணக்கம். அணைக்கட்டு அம்மா எழுதியதில் வீட்டு உழைப்பைப் பற்றிய பகுதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் மூன்று ஆண்டுகள் வேலையை விட்டு நிற்பதன் விலை மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை, ஷூ கம்பெனியிலேயே என் இளமை முழுவதையும் கழித்தவள் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதிப் பெண்களிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. திருமணமானால் நிற்பார்கள், வைப்பு நிதியை எடுத்துவிடுவார்கள், குழந்தை பிறந்தபின் வேறு கம்பெனியில் புதிதாகச் சேருவார்கள், அடுத்த குழந்தைக்கு மறுபடியும் நிற்பார்கள். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும், பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும் என்பதால், இருபது ஆண்டுகள் உழைத்தும் இரண்டில் ஒன்றும் கிடைக்காமல் வெளியே வந்த பெண்களை எனக்குத் தெரியும். நீங்கள் நின்றபோது வைப்பு நிதியை எடுக்காமல் வைத்திருந்தால், வைப்பு நிதிக் கணக்குக்கான பழைய யு.ஏ.என். எண்ணையே புதிய வேலையிலும் கொடுங்கள். பழைய பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் சேரும்.

இ.எஸ்.ஐ.யையும் எண்ணிப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்கள் அதில் வருவார்கள். உங்களுக்கு மட்டுமன்றிக் குழந்தைக்கும், உங்களைச் சார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் மருத்துவம் உண்டு. இன்னொரு குழந்தை வேண்டும் என்று பின்னாளில் முடிவு செய்தால், தேவையான நாள்கள் சந்தா கட்டியிருக்கும் நிலையில் 26 வாரங்களுக்கு முழுச் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். முதல் குழந்தைக்கு வேலையைவிட்டு நின்றதால் நீங்கள் அதை இழந்திருக்கிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் நின்றுவிடாமல் விடுப்பில் போகலாம் என்று நம் பெண்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நகரத்துக் காப்பகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கம்பெனியிலேயே காப்பகம் உண்டா என்று ஏன் யாரும் கேட்கவில்லை? 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை இருக்க வேண்டும் என்று கூறியது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017 இல் வந்த திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்துதர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றது. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஐம்பது என்ற எண்ணும் நான்கு முறை என்ற உரிமையும் இருக்கின்றன. சில நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பொதுக் காப்பகத்தை நடத்தவும் அது இடம் தருகிறது. பதினைந்து மாதம் ஆகும் வரை பாலூட்டுவதற்கென்று வழக்கமான இடைவேளை போக இரண்டு இடைவேளைகள் தனியே உண்டு. உங்கள் குழந்தைக்கு அந்த உரிமை இன்னும் சில மாதங்களுக்கு இருக்கிறது.

சட்டம் இருப்பதாலேயே எல்லாம் நடந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் தொட்டில்களோடு ஓர் அறை இருந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாள்களில் மட்டும் அது திறக்கப்படும், மற்ற நாள்களில் அட்டைப்பெட்டிகளை அங்கே அடுக்கிவைப்பார்கள். எங்கள் லைனில் கைக்குழந்தை உள்ள பெண்கள் அனைவரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆயா நியமிக்கப்பட்டார். தனியாகக் கேட்பவருக்கு 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்ற பதில்தான் வரும். காலணி ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வாங்குவோரிடமிருந்து தணிக்கை வரும். அந்தத் தணிக்கையில் காப்பகத்தைப் பற்றியும் பெண் தொழிலாளர்களிடம் கேட்பார்கள். அப்போது உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவு நமக்கு வர வேண்டும்.

பதில் 3: வாலாஜாவிலிருந்து வந்தவள்

வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து, சில காலம் அங்கேயே பணிபுரிந்துவிட்டு, இப்போது இங்கிலாந்தில் வேலை செய்கிறேன். சம்பளத்தோடு காப்பகமா, உதவித் தொகையோடு வீடா என்ற இதே கேள்வி இங்கும் ஓயாமல் விவாதிக்கப்படுகிறது. ஆனால் இங்குள்ள கேள்வியின் அமைப்பு வேறு; அந்த வேறுபாட்டைப் பார்த்தால் நம் ஊர் நிலைமை இன்னும் தெளிவாக விளங்கும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவி உண்டு. குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை, அதைக் கவனித்துக்கொள்ளும் பெற்றோரை வேலை தேடச் சொல்வதில்லை. ஒரு வயதானதும் அலுவலரை அவ்வப்போது சந்தித்துப் பேச வேண்டும், இரண்டு வயதில் வேலைக்கான தயாரிப்பில் இறங்க வேண்டும், மூன்று வயதானால் வாரம் 30 மணி நேரம் வரை வேலை செய்யவோ தேடவோ வேண்டும். அதாவது குழந்தை வளர வளர அரசு தாயை வேலையை நோக்கி நகர்த்துகிறது. அப்படி நகர்த்தும் அரசு, காப்பகச் செலவில் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு 85 விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது. அதுபோக, 2025 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் தகுதியுள்ள வேலை செய்யும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தை தொடங்கிப் பள்ளி செல்லும் வயது வரை, ஆண்டில் 38 வாரங்களுக்கு வாரம் 30 மணி நேரக் காப்பக வசதி அரசுச் செலவில் கிடைக்கிறது. என்னைப் போல விசாவில் வந்தவர்கள் பலருக்கு இந்த உதவித் தொகைகள் கிடையாது. என் சம்பளத்தில் பெரும்பகுதியைக் காப்பகத்துக்குக் கொடுத்துத்தான் என் மகனை வளர்த்தேன்.

நம் ஊர் உரிமைத் தொகையில் 'வீட்டில் இருந்தால்தான் தருவோம்' என்ற நிபந்தனையே கிடையாது. 2023 செப்டம்பரில் அது தொடங்கியபோதே குடும்ப வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு ஆகியவற்றைத்தான் அளவாக வைத்தார்கள். பெண் வேலைக்குப் போகிறாளா என்று கேட்கவில்லை. ஆகவே அந்த ஆயிரத்தைக் குழந்தை வளர்ப்புக்கான கூலியாக உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கருதுவது பொருந்தாது. அது உங்கள் கணக்குக்கு வருவதும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இங்கே வேலை செய்து ஒரு பவுண்டு கூடுதலாக ஈட்டினால் உதவியில் 55 பென்ஸ் குறையும், படிப்படியாகத்தான் தேயும். நம் ஊரில் 2.5 லட்சம் என்ற கோட்டை ஒரு ரூபாய் தாண்டினாலும் முழுத் தொகைக்கான தகுதியும் போய்விடுகிறது. உங்கள் கணவரின் 1.8 லட்சத்தோடு உங்கள் 1.5 லட்சம் சேர்ந்தால் 3.3 லட்சம். ஆண்டுக்கு 12,000 ரூபாயை இழந்து 1.5 லட்சத்தைப் பெறுகிறீர்கள் என்று பார்த்தால் கணக்கு வேலையின் பக்கமே நிற்கிறது. காப்பகத்துக்கான 42,000 ரூபாயையும் கழித்த பிறகும் அது மாறவில்லை. காப்பகச் செலவில் ஒரு பகுதியைக்கூட யாரும் ஏற்காததுதான் நம் ஊர்த் தாய்மார்களின் உண்மையான சுமை.

பதில் 4: பேரணாம்பட்டு ஆசிரியர்

சகோதரி, உங்கள் வீட்டில் அடுத்து வரப்போகும் யோசனை எதுவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: 'வீட்டோடு இருந்து பீடி சுற்று, குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம், கையிலும் நாலு காசு சேரும்.' என் தாயார் அப்படித்தான் எங்களை வளர்த்தார். அவருக்கு நான் பட்ட கடன் தீராது; அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, அதையொட்டிக் கிடக்கும் பாயில் என் தங்கை. அவள் புகையிலைத் தூளைக் கையில் அள்ளி வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதே எங்களுக்கு ஒரு வேலையாக இருந்தது. நாளுக்கு ஆயிரம் பீடி முடிக்க முழுநேரமும் குனிந்திருக்க வேண்டும். குழந்தை அழுதால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறையக்கூடாது என்றால் குழந்தை அழுதபடியே கிடக்கும். சரியில்லை என்று ஏஜென்ட் ஒதுக்கும் பீடிகளுக்குக் கூலி கிடையாது.

1966 ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில்கூடப் பெண்கள் அதிகமாக வேலை செய்யும் தொழிற்கூடத்துக்குக் காப்பகம் வேண்டும் என்ற பிரிவு இருந்தது. வேலையை வீடுகளுக்கு அனுப்பிவிட்டதால் அந்தப் பிரிவு எங்கள் வீடுகளின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. வீட்டிலிருந்து செய்யும் வேலை என்பதால் குழந்தைக்குத் தாய் கிடைத்துவிடுகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் இருப்பதென்றால் குழந்தைக்காகவே இருங்கள். வேலை செய்வதென்றால் வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் உள்ள வேலையைச் செய்யுங்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

மகளே, காட்பாடிப் பக்கக் கிராமங்களில் அங்கன்வாடியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மேலே பணக்கணக்கையும் சட்டத்தையும் நன்றாக எழுதிவிட்டார்கள். குழந்தையின் பக்கமிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அங்கன்வாடியைப் பற்றி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகளைச் சத்துக் குறைவிலிருந்து மீட்டிருக்கிறது. ஆனால் அது வேலைக்குப் போகும் தாயின் நேரத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதன்று. உங்கள் மகளின் வயதில் சத்துமாவு வீட்டுக்கு வரும், எடை பார்ப்போம், தடுப்பூசிக்கு நினைவூட்டுவோம். மையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு விளையாடுவது இரண்டு வயதுக்குப் பிறகுதான். அப்போதும் உங்கள் வேன் வருவதற்கு வெகுநேரம் முன்பே மையம் மூடப்பட்டுவிடும். ஆகவே 'அங்கன்வாடி இருக்கிறதே' என்று சொல்பவர்களின் பேச்சு, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான பிள்ளைகளைக் கணக்கில் கொள்ளாத பேச்சு. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தில், அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்கள் ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொண்டு, மாதம் 26 நாள்கள், நாளுக்கு ஏழரை மணி நேரம் இயங்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் அப்படி ஒன்று அருகில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. மண் வெட்டும் தாய்க்குத் தேவை என்று கண்டது, ஷூ தைக்கும் தாய்க்கும் தேவைதானே?

காப்பகத்தில் விட்டால் குழந்தை கெட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பகலெல்லாம் பிறரிடம் இருந்து, மாலையில் தாயைக் கண்டதும் தாவி ஓடும் பிள்ளைகளை வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தாய் யாரென்று ஐயமே இருந்ததில்லை. கெடுப்பது வேறு: வாரத்துக்கு ஒரு முகமாக ஆயா மாறுவது, ஒருவரிடமே இருபது குழந்தைகளை விடுவது, அழுகிற குழந்தையைத் தூக்காமல் தொட்டிலிலேயே போட்டு வைப்பது. ஆகவே கம்பெனிக் காப்பகமானாலும் நகரத்துக் காப்பகமானாலும் முன்னறிவிப்பின்றி மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பத்துப் பேருக்கு மேல் ஒருவரிடம் இருந்தால் சேர்க்காதீர்கள். ஆயா அங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று கேளுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவறையிலிருந்து வந்ததும் கை கழுவுகிறார்களா என்று பாருங்கள். கூரையை நிமிர்ந்து பாருங்கள். கத்தரி வெயிலில் நம் மாவட்டம் எப்படிக் காயும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் கீழ் கைக்குழந்தையைப் படுக்க வைத்திருக்கும் இடத்துக்கு எவ்வளவு குறைந்த கட்டணமானாலும் அனுப்பாதீர்கள்.

சேர்ப்பதென்று முடிவு செய்தால், வேலைக்குச் சேரும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பாகவே பழக்குங்கள். முதலில் நீங்களும் உடன் இருங்கள், பிறகு ஒரு மணி நேரம் விட்டு வாருங்கள், பிறகு மதியம் வரை. பதினோரு மாதம் என்பது புதிய முகம் கண்டால் மிரளும் பருவம். ஒரே நாளில் பத்து மணி நேரம் விட்டால் குழந்தை சாப்பிடாது, நீங்களும் இரண்டாம் நாளே வேலையை விட்டுவிடுவீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் கேள்வியில் கணவரின் சம்பளம் இருக்கிறது, மாமியாரின் முழங்கால் இருக்கிறது, ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் கணவருக்கு என்ன பங்கு என்பது இல்லை. சரக்கு வண்டி ஓட்டுபவருக்கு எல்லா நாளும் ஒரே நேரம் இருக்காது. மாலை ஐந்தரைக்குக் காப்பகத்திலிருந்து மகளை அழைத்துவருவது வாரத்தில் எத்தனை நாள் அவரால் இயலும்? அவர் அழைத்துவந்த பிறகு ஒரு மணி நேரம் பேத்தியை மடியில் வைத்திருக்க மாமியாரால் முடியும். நாள் முழுவதும் ஓடச் சொல்வதும் ஒரு மணி நேரம் உடனிருக்கச் சொல்வதும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: குடியாத்தம் தாய்

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இவற்றையெல்லாம் கணவருக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தை அதிகம் பேசவில்லை. பேரணாம்பட்டு ஆசிரியர் எழுதியதை மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பிறகு, ஆயிரம் ரூபாய் நின்றால் நிற்கட்டும், தன் மாத்திரைச் செலவுக்கு நான் கொடுத்தால் போதும் என்றார். அதை என் சம்பளத்தின் முதல் செலவாக வைப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். வருமானம் கூடினால் அதை மறைத்துத் தொகையைத் தொடர்ந்து வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

கணவரால் வாரத்தில் பாதி நாள்கள்தான் ஐந்தரைக்குக் குடியாத்தத்தில் இருக்க முடியும். ஓசூர் ஓட்டம் வந்தால் இரவுதான் திரும்புவார். ஆகவே நகரத்துக் காப்பகம் எங்களுக்கு முழுமையாக ஒத்துவராது; கம்பெனியிலேயே காப்பகம் நடந்தால் குழந்தையும் என்னோடு வேனில் வந்து என்னோடு திரும்பும். ஆம்பூர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு, உடன் வேலை செய்த அக்காவிடம் கேட்டேன். அறை இருக்கிறது, ஆயா இருக்கிறார், ஆனால் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் சேர்க்கிறார்கள் என்கிறார். சட்டத்தில் அப்படி ஒரு கீழ்வரம்பு இருப்பதாக நீங்கள் யாரும் எழுதவில்லை. அந்த லைனில் கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வரும் பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்களாம். அவர்களோடு சேர்ந்து மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சேருவதற்கான கடைசித் தேதிக்கு முன் பதில் வராவிட்டால் இந்த முறை சேரப் போவதில்லை. மகளுக்கு இரண்டு வயதாகும்போது மறுபடியும் முயல்வேன். பழைய வைப்பு நிதியை நான் எடுக்கவில்லை, அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் வேலை செய்யும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனியில் ஒரு வயதுக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் காப்பகம் உண்மையிலேயே நடக்கிறதென்றால், அது காலை எத்தனை மணிக்குத் திறக்கிறது, ஓர் ஆயாவிடம் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், பாலூட்ட எத்தனை முறை அனுப்புகிறார்கள் என்பதை, கம்பெனியின் பெயரைக் குறிப்பிடாமலேயே இங்கே எழுதுங்கள். நாங்கள் கொடுக்கப்போகும் மனுவில் அவற்றைச் சேர்த்துக்கொள்வோம்.